பெண் ஆயருக்கான அங்கி, காலர், மைக்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

ஒரு சபை தன் தலைமை ஆயராகப் பெண் ஒருவரை ஏற்றபின், முதல் சில மாதங்களில் கிளம்பும் முணுமுணுப்புகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குரல் எடுபடவில்லை. பிரசங்க பீடத்தில் தலை மட்டும்தான் தெரிகிறது. ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தினால் கழுத்தைச் சுற்றி முன்னே தொங்கும் ஸ்டோல் பட்டை நழுவுகிறது, அதைப் பிடிப்பதிலேயே அவர் கவனம் போய்விடுகிறது. இவற்றை அந்த அம்மாவின் குறைகளாகவே சபையார் பேசுவார்கள். உண்மையில் இவை அவர்மேல் மாட்டிய பொருள்களின் குறைகள். ஐந்தே முக்கால் அடி, ஆறடி ஆண் ஒருவரை மனத்தில் வைத்து வெட்டிய அங்கி, அவர் உயரத்துக்கு அடித்த பீடம், அவர் குரலுக்குத் திருகி வைத்த ஒலி மிக்ஸர். அத்தனையும் மாற்றக்கூடியவை, மாற்ற ஆகும் செலவும் பெரிதல்ல. சந்தையில் கிடைக்கும் பொருள்களில் எது உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

அமெரிக்க மெதடிஸ்டுகளும் அந்நாட்டின் வடபகுதிப் பிரஸ்பிட்டேரியன் சபையும் பெண்களுக்கு முழுக் குருத்துவத்தை 1956இல் திறந்துவிட்டன. அந்நாட்டின் பெரிய லுத்தரன் சபைகள் இரண்டு 1970இலும், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபை 1976இலும் அதே முடிவுக்கு வந்தன. இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் குருக்கள் 1994இல் அபிஷேகம் பெற்றார்கள். ஆனால் பெரிய நகரச் சபைகளின் முதல் நாற்காலி அவர்களுக்குக் கிடைக்க இன்னும் வெகுகாலம் பிடித்தது. சிகாகோவின் ஃபோர்த் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்திலும் நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்திலும் முதல் பெண் தலைமை ஆயர்கள் பொறுப்பேற்றது 2014இல்தான். இந்தத் தாமதம் துணிக்கடையிலும் தெரிகிறது. மாதம் ஒருமுறை பிரசங்கிக்கும் உதவி ஆயர், அலமாரியில் தொங்கும் அங்கி ஒன்றை ஊசி குத்தி இறுக்கிப் போட்டுச் சமாளித்துவிடுவார். தலைமை ஆயருக்கு அது முடியாது. ஞாயிறுதோறும் ஒன்றோ இரண்டோ ஆராதனை, வாரத்தில் அடக்க ஆராதனை, மருத்துவமனைச் சந்திப்பு, சபைக்குழுக் கூட்டம் என்று இந்த உடையிலேயே அவர் நாள் ஓடுகிறது. வருடம் முழுக்க உடுத்தும் உடையைக் கடன் வாங்கிச் சமாளிக்கக் கூடாது.

முதலில் காலர் சட்டை. இரண்டு வகை உண்டு. ஒன்றில் கழுத்துப்பட்டியின் முன்புறம் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். அதில் ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைச் செருக வேண்டும். இன்னொன்று முழு வளையம்: சட்டையில் மடிப்புக் காலர் இருக்காது, முன்னும் பின்னும் ஒவ்வொரு குமிழ் போட்டு, கழுத்தைச் சுற்றி முழு வெள்ளைக் காலரை மாட்ட வேண்டும். பார்க்க அழகு இரண்டாவது. தினசரி உழைப்புக்கு முதலாவதையே பரிந்துரைக்கிறோம். காரில் ஏறியதும் பட்டையை உருவிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். தொலைந்தாலும் வெள்ளை நிறச் சோப்புத் திரவப் புட்டியை வெட்டி இன்னொன்று செய்துகொள்ளலாம். இது ஊழியர்கள் மத்தியில் பலகாலமாக வழங்கும் கைப்பக்குவம், நன்றாகவே நிற்கும்.

எந்த வகையை எடுத்தாலும், ஆண் சட்டையின் சின்ன அளவைப் பெண் அளவு என்று விற்கும் பொருளைத் தொடக்கூடாது. காரணம் தையல் கணக்கில் இருக்கிறது. ஆண் சட்டை கழுத்துச் சுற்றளவையும் கை நீளத்தையும் வைத்து அளவாகிறது. அதுவும் பெரும்பாலும் 14 அல்லது 14½ அங்குலக் கழுத்தில்தான் தொடங்கும். பெண்கள் பலருக்குக் கழுத்து 12½ முதல் 14 அங்குலம்தான். மார்புக்குப் பொருந்தும் சட்டையை எடுத்தால் கழுத்து விலகி நிற்கும், தோள் தையல் கைமேல் இறங்கும். கழுத்துக்குப் பொருந்துவதை எடுத்தால் மார்பில் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கும். சரியான பெண் சட்டையில் பக்கத் தையலிலிருந்து மார்பை நோக்கி டார்ட் எனப்படும் கூர் மடிப்புத் தையல் ஒன்று பிடித்திருப்பார்கள். அது மார்பின் உச்சிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பே முடிந்திருக்க வேண்டும். உச்சியைத் தொட்டால் கூராகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைவிட முக்கியம், மார்பின் மிக அகன்ற இடத்துக்கு நேரே ஒரு பொத்தான் விழுவது. அந்தப் பொத்தான் அரை அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் பிளவு வரும். கடையில் போட்டுப் பார்க்கும்போது நின்றபடி கண்ணாடி பார்ப்பது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து, ஞானஸ்நானத் தொட்டிமேல் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையையும் முன்னே நீட்டிப் பாருங்கள். பிளந்தால், உள்ளிருந்து ஒரு பிரஸ் பட்டன் தைத்தால் சரியாகுமா என்று தையல்காரரைக் கேளுங்கள். ஒரு பட்டனுக்குமேல் தேவைப்பட்டால் அந்தச் சட்டை வேண்டாம்.

துணியைப் பொறுத்தவரை 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி கலந்ததுதான் நீண்ட நாள் வருகிறது. முழுப் பருத்தி உடம்புக்கு இதம், ஆனால் காலையில் தேய்த்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் ஆராதனைக்கு வரும்போது கசங்கியிருக்கும். கறுப்புச் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கையும் கழுத்துப்பட்டியும் முதலில் வெளுக்கும். பிளாஸ்டிக் காலரைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு துடைத்தால் போதும். கொதிநீரில் போட்டால் நெளிந்துவிடும், பிறகு நிமிராது. தலைமை ஆயர் ஒருவருக்கு ஐந்து சட்டைகள் தேவைப்படும். இரண்டு மட்டும் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்தால் இரண்டும் சீக்கிரமே நிறம் போகும்.

சட்டை இல்லாமல் காலர் மட்டும் மார்புத் துணியோடு வரும் பொருள் ஒன்று உண்டு. கோட்டுக்குள்ளோ ஸ்வெட்டருக்குள்ளோ செருகி, பின்னால் கட்டிக்கொள்ளலாம். கர்ப்ப காலத்துக்கு இதுதான் சிறந்த வாங்கல், ஏனென்றால் வயிறு வளர வளரச் சட்டை மாற்றத் தேவையில்லை. ஆனால் கோட்டைக் கழற்ற முடியாது என்பதை மறக்கக்கூடாது. காலர் வைத்த கவுன் போன்ற ஒற்றை உடைகளும் இப்போது நிறைய வருகின்றன. ஸ்வீடனில் மரியா ஷோடின் தொடங்கிய கேஷுவல் பிரீஸ்ட் நிறுவனம் இந்தத் துறையில் பெண் உடலை முதல் அளவுகோலாக வைத்து வடிவமைத்த நிறுவனங்களுள் முக்கியமானது. பழைய ஆண் சட்டையைச் சுருக்காமல், உடையையே புதிதாக யோசித்திருப்பது வெட்டிலேயே தெரியும். இத்தகைய உடைகளில் பார்க்க வேண்டியது ஒன்று: இடுப்பில் பட்டையோ பையோ இருக்கிறதா? இல்லையென்றால் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை எங்கே வைப்பது? அந்தக் கேள்விக்குப் பின்னால் வருவோம்.

அடுத்து ஆல்ப் எனப்படும் வெள்ளை அங்கி. லுத்தரன், எபிஸ்கோப்பல் சபைகளில் இது கட்டாயம்போல. மெதடிஸ்டுகளில் பரவலாக உண்டு. அளவெடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு, உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு அனுப்புவது. தோளின் உச்சியிலிருந்து தரைவரை, ஆராதனைக்குப் போடும் அதே செருப்போடு நின்று அளக்க வேண்டும். அதிலிருந்து 2 முதல் 3 அங்குலம் கழித்தால் அங்கியின் நீளம். பீடப் படிகள் இருக்கும் ஆலயம் என்றால் 3 அங்குலமே சரி. முழங்காலிட்டு எழும்போது முன் ஓரத்தை மிதித்துத் தடுமாறுவதுதான் ஆல்ப் உடுத்துபவர்களுக்கு நேரும் விபத்துகளில் முக்கியமானது, அதுவும் கையில் திருவிருந்துப் பாத்திரம் இருக்கும்போது. கை நீளத்தை முதுகின் நடுக்கழுத்தில் தொடங்கி, முழங்கையை மடித்தபடி மணிக்கட்டு வரை எடுக்க வேண்டும். நேரே தொங்கவிட்டு அளந்தால் இரண்டு அங்குலம் குறையும்.

அகன்ற கை பார்க்கக் கம்பீரம். ஆனால் திருவிருந்து மேசையில் அதுதான் கிண்ணத்தைத் தட்டுகிறது, மெழுகுவர்த்தியில் படுகிறது. பாலியெஸ்டர் எரிவதைவிட உருகி ஒட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். மணிக்கட்டருகே கை வாய் 14 அங்குலச் சுற்றளவுக்குள் இருந்தால் பயமில்லை. முன்புறம் ஜிப் வைத்த ஆல்ப், தோளில் வெல்க்ரோ வைத்த ஆல்ப் இரண்டும் கிடைக்கின்றன. ஜிப்பை எடுங்கள். வெல்க்ரோ ஸ்டோலின் பட்டு நூலைப் பிய்க்கும், புடவை கட்டியவர்களுக்குச் சரிகையையும் பிய்க்கும். அமைதியான நேரத்தில் கழற்றினால் ஆலயம் முழுக்கக் கேட்கும். பக்கத் தையல்களில் கை நுழையும் அளவுக்குப் பிளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மிக அவசியம். உள்ளே இருக்கும் மைக்கை அணைக்க வேறு வழியில்லை. இந்தப் பிளவு இல்லாத ஆல்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைமை ஆயருக்கு உதவாது.

தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் பணியாற்றும் நம் பெண் ஆயர்களுக்கு அமெரிக்கக் கடைகளின் அளவுப்பட்டியல் அப்படியே பொருந்தாது. நந்தியால் திருமண்டலத்தில் 2013இல் ஈ. புஷ்பா லலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராகப் பொறுப்பேற்ற பிறகும், இங்கே பெண் ஆயர்களின் அடிப்படை உடை புடவைதான். வெள்ளையோ வெளிர் நிறமோ உடுத்தி, அதன்மேல் அங்கி. புடவைமேல் அங்கி போடும்போது இரண்டு இடங்களில் துணி குவியும்: முன் கொசுவம், இடது தோளின் முந்தானை. முந்தானைக் குவியலால் இடது தோள் அரை அங்குலம் உயர்ந்து நிற்கும். ஸ்டோல் வலப்பக்கமாகச் சரிவதற்கு அதுதான் காரணம். முந்தானையை நான்கு விரல் அகலத்துக்கு அடுக்கி, தோளுக்குச் சற்றுப் பின்னால் ஊசி குத்தினால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, அங்கி தைக்கும்போதே இடது கைக்குழியை ஓர் அங்குலம் இறக்கித் தைக்கச் சொல்ல வேண்டும். கொசுவத்துக்கு, அங்கியின் விரிவு இடுப்பிலேயே தொடங்க வேண்டும். தொடையில் தொடங்கினால் வயிற்றருகே இழுத்துப் பிடிக்கும், நடக்கும்போது புடவை அங்கிக்குள் சுருண்டு ஏறும்.

உள்ளூரில் தைக்க 44 அங்குல அகலத் துணி 4 மீட்டர் போதும். 36 அங்குலம் என்றால் 5 மீட்டர் வேண்டும். பாப்ளினோ டெரிகாட்டனோ நல்லது. பருத்தி என்றால் வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். நனைக்காமல் தைத்த 54 அங்குல அங்கி இரண்டு துவைப்பில் இரண்டு அங்குலம் குறைந்து, கீழே புடவைக் கரை எட்டிப் பார்க்கும். வெள்ளை அங்கிக்குள் அடர் நிறப் புடவை தெரியும். மின்விளக்குக்குக் கீழே இன்னும் தெரியும். கைக்குள் துணியைப் பிடித்துப் பார்த்து, விரல் நிறம் தெரிந்தால் அது அங்கித் துணி அல்ல. அளவு சரியாகப் போய், தையல்காரர் பொறுமையாகக் கேட்பவராக இருந்தால், நம்மூர் அங்கி இறக்குமதி அங்கியைவிட நன்றாகவே அமையும் என்பதில் சந்தேகமில்லை.

பிரஸ்பிட்டேரியன், சீர்திருத்தச் சபைகளின் கறுப்பு ஜெனீவா கவுனுக்கு வேறு ஒரு சிக்கல். முன்புறம் இரண்டு வெல்வெட் பட்டை, முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குக் கையில் மூன்று வெல்வெட் கோடு, முதுகில் நெருக்கமான மடிப்புகள். இந்த மடிப்புகளின் பாரம் முழுவதும் பின்கழுத்தில் தொங்குகிறது. அகன்ற தோள் உள்ளவருக்கு அது பரவிவிடும். குறுகிய தோளுக்குக் கவுன் பின்னால் வழுக்கி, முன்கழுத்தை இழுக்கும். ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குப் பின் கழுத்து வலிக்கும். பெண்களுக்கென்று வெட்டிய கவுனில் தோள்பட்டை குறுகி, மடிப்புகள் குறைந்திருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே சபை வாங்கிவைத்த ஆண் கவுன்தான் கதி என்றால், தோள் தையலை உள்ளே முக்கால் அங்குலம் பிடித்து, மெல்லிய தோள் திண்டு வைத்து, சட்டையில் ஒரு கொக்கியும் கவுனில் ஒரு கண்ணியும் தைத்தால் நழுவாது. இடுப்பில் இறுக்கிப் பிடித்து உடல் வடிவம் காட்டும் கவுன்களைச் சில கடைகள் பெண்களுக்கென்று தள்ளுகின்றன. அவை வேண்டாம். கையை உயர்த்தினால் முழுக் கவுனும் மேலேறும், இரண்டாவது நாளே வெறுப்பு வரும்.

ஸ்டோல் வாங்குவதில் பணம் வீணாவது நீளத்தில். கடைகளில் அடுக்கியிருக்கும் ஸ்டோல் பின்கழுத்திலிருந்து ஒரு பக்கம் 50 முதல் 55 அங்குலம் தொங்கும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவருக்கு அது கணுக்காலை நெருங்கி, படியேறும்போது காலில் மாட்டும். அவருக்கு 44 முதல் 46 போதும். நுனி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். குறைக்கும்போது கீழ் ஓரத்தை வெட்டாதீர்கள். சிலுவையும் குஞ்சமும் கீழேதான் இருக்கின்றன; அங்கே வெட்டினால் வேலைப்பாடு சிதையும். பின்கழுத்துத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் சமமாக உள்ளே எடுத்துத் தைக்க வேண்டும். கழுத்து வளைவு கொடுத்துத் தைத்த ஸ்டோல் எப்போதும் நேர்ப்பட்டையாக வரும் ஸ்டோலைவிட மேல். நேர்ப்பட்டை கழுத்தில் மடிந்து தடித்து நிற்கும். நழுவாமல் இருக்க, பின்கழுத்தின் உள்பக்கம் ஆறு அங்குலத்துக்கு ஒரு வெல்வெட் துண்டைத் தைத்துவிட்டால் போதும். மார்புக்கு நேரே இரண்டு பக்கத்தையும் ஒரு சிறு சங்கிலியால் இணைத்து வரும் ஸ்டோல்களும் உண்டு. கை விரித்து ஆசீர்வதிக்கும்போது நல்ல பிடிப்பு. ஆனால் அந்தச் சங்கிலி மைக்கில் தட்டும், அதனால் மைக் மார்பில் குத்துபவர்களுக்கு ஆகாது.

சபை ஆண்டின் காலத்துக்கேற்ப மாற்றும் ஸ்டோலின் நான்கு நிறத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் பச்சை, ஏனென்றால் சபை ஆண்டின் மிக நீண்ட காலம் அதுதான். பிறகு வெள்ளை: கிறிஸ்துமஸ், ஈஸ்டர், திருமணம், பல சபைகளில் அடக்க ஆராதனைக்கும். ஊதா லெந்துக்கு முன் வந்தால் சரி. சிவப்பு பெரும்பாலும் பெந்தெகொஸ்தே நாளுக்கும் குருத்துவ அபிஷேகங்களுக்கும்தான். அதைக் கடைசியில் வாங்கலாம்.

இனி மைக். அதிகம் கெடுவதும் அதிகம் பழி சுமப்பதும் இதுதான். இரண்டு பென்சில் பேட்டரிகளே 46 கிராம். டிரான்ஸ்மிட்டர் பெட்டியோடு சேர்ந்தால் ஒரு கைக்கடக்கமான பாரம். ஆண் ஆயருக்குப் பேண்ட் பெல்ட் இருக்கிறது. கவுனிலும் புடவையிலும் பெல்ட் இல்லை. பின்கழுத்தில் கிளிப் போட்டால் காலர் பின்னால் இழுபடும். பாவாடை நாடாவில் செருகினால் முதல் பாடலுக்குள் முடிச்சு தளர்ந்து சாயும். இதற்கென்றே விற்கும் இரண்டங்குல எலாஸ்டிக் இடுப்புப் பட்டை, சிறு பையோடு வருவது, மலிவான பொருள். பிற செலவுகளுக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும். புடவை கட்டும் முன் பாவாடைக்கு மேலே, முதுகின் வலப்பக்கம் பெட்டி வரும்படி மாட்டி, வயரை ஜாக்கெட்டுக்குள் மேலேற்ற வேண்டும். அங்கியின் பக்கப் பிளவு வழியே கை எட்டுகிறதா என்று கட்டும்போதே பார்த்துக்கொள்ளவும்.

மார்பில் குத்தும் சிறு மைக்கை இந்தப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கவே முடியாது. தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, நடுவில் குத்த வேண்டும் என்பது விதி. ஆல்பின் நடுவில் ஜிப் இருக்கிறது. ஸ்டோலின் ஓரத்தில் குத்தினால் கை உயர்த்தும்போதெல்லாம் விலகும், துணி உரசும் சத்தம் கேட்கும். தாலிச்சங்கிலியும் சிலுவைச் சங்கிலியும் அதில் தட்டித் தட்டி, பிரசங்கம் முழுக்கக் கடகடவென்று ஒலிக்கும். காதில் மாட்டிக் கன்னத்தோரம் நீளும் மைக்தான் சரியான பொருள். அதன் பலன் கணக்கிலேயே தெரியும்: வாய்க்கு 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், கூவல் வராமல் 12 டெசிபல் கூடுதல் ஒலி கிடைக்கிறது. கத்தாமல் பேசலாம்.

இந்த வகையில் கன்ட்ரிமேன் இ6 விலை உயர்ந்தது, சில நூறு டாலர். ஆனாலும் சபை வாங்கக்கூடியதில் சிறந்தது என்றே சொல்வோம். வயர் தனியாகக் கழலும். வயர்தான் முதலில் அறும் என்பதால் இது பெரிய நன்மை. வெளிர் நிறத்தில் மட்டும் வராமல் பழுப்பு, அடர் பழுப்பு, கறுப்பு நிறங்களிலும் கிடைக்கிறது. நம் தோல் நிறத்தின்மேல் வெளிர் கோடு ஒன்று துருத்திக்கொண்டு தெரியாது. வாங்குவதற்கு முன், உங்களிடம் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் பெயரைச் சொல்லி அதற்குரிய பிளக்கோடு கேட்க வேண்டும். பிளக் மாறிவிட்டால் மைக் பேசாது. நுனி வாய்க்கு நேரே வரக்கூடாது, மூச்சுக் காற்று அடிக்கும். உதட்டோரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி நிற்க வேண்டும். ஜிமிக்கி ஆடி மைக்கின் கம்பியில் படும், ஆகவே அந்தக் காதில் தோடு மட்டும். வியர்வை அதிகமுள்ள ஊர்களில் நுனியின் துளை அடைபட்டு ஒலி மங்கும். அதற்கென்று சிறு மூடிகள் வருகின்றன. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் வைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பொருள் நல்லதாக இருந்தும் "அம்மா குரல் கீச்சென்று இருக்கிறது" என்று புகார் வந்தால், மிக்ஸரைப் பாருங்கள். ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 155 ஹெர்ட்ஸ், பெண்ணுடையது 165 முதல் 255. பழைய ஆயரின் கனத்த குரலில் சொல் தெளிவு வருவதற்காக 3000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை தூக்கி வைத்திருப்பார்கள். அதே அமைப்பில் பெண் குரல் போனால் காதைக் குத்தும், ச, ஸ ஒலிகள் சீறும். அந்தத் தூக்கலை முதலில் சமநிலைக்கு இறக்குங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ கட்' அமைப்பை 120 ஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். அங்கே அவர் குரல் இல்லை, காற்றாடி இரைச்சலும் பீடத்தில் கால் படும் சத்தமும்தான் இருக்கின்றன. 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பகுதியைக் குறைக்காதீர்கள், குரலின் உடல் அங்கேதான் இருக்கிறது. சீறல் மிஞ்சினால் 5000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள் தேடிச் சற்றே குறைக்கலாம். இதையெல்லாம் அவரை வெற்று ஆலயத்தில் "ஒன்று இரண்டு மூன்று" சொல்ல வைத்துச் செய்யக்கூடாது. ஒரு வேத பாடத்தை வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் ஒருவர் நின்று கேட்டுச் செய்ய வேண்டும். முடிந்ததும் அவர் பெயரில் தனி அமைப்பாகச் சேமித்துவிட்டால் உதவி ஆயரோ விருந்தினரோ பேசும்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாலை வேலை, ஒரு பைசா செலவில்லை.

பீடத்துக்கு மரத்தச்சர் ஒருவர் போதும். புத்தகம் வைக்கும் பலகை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். ஆறடி மனிதருக்கு முழங்கை சுமார் 45 அங்குலத்தில் வரும், ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கு 39இல். அந்த ஆறு அங்குலம்தான் "தலை மட்டும் தெரிகிறது" என்பதன் காரணம். சமையலறை முக்காலியை வைத்து ஏறி நிற்பது ஆபத்து; பேச்சின் வேகத்தில் ஓரடி பின்னால் வைத்தால் விழுவார். பீடத்தின் உள்தரையை முழுவதுமாக நிரப்பும் ஒரு மேடைப் பலகை, 5 முதல் 6 அங்குல உயரத்தில், குறைந்தது 24க்கு 30 அங்குலம், மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு, ஏறும் ஓரத்தில் வெள்ளைக் கோடு. இரண்டு கைப்பிடித் துளை வெட்டிவைத்தால் உயரமான விருந்தினர் வரும்போது வெளியே எடுத்துவிடலாம். புதுப் பீடமே செய்வதானால் பலகையை ஏற்றி இறக்கும் அமைப்போடு செய்யுங்கள். அடுத்து வருபவர் எந்த உயரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது.

வாங்கும் முறை பற்றி. 1892 முதல் இந்தத் தொழிலில் இருக்கும் அமெரிக்காவின் ஆல்மி போன்ற பழைய நிறுவனங்களிலும் இன்று பெண்களுக்கான தனி அளவுப்பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் மார்பு, இடுப்பு, தோள் அகலம், கை நீளம் நான்கும் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவில் முடித்துவிடும் கடையில் அங்கி வாங்க வேண்டாம். ஸ்டோல் வேண்டுமானால் வாங்கலாம். அளவுகொடுத்துத் தைக்கும் உடையைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் ஒரு சட்டை மட்டும் வாங்கி, மூன்று முறை துவைத்து, சுருக்கம் பார்த்துவிட்டு மீதி நான்கையும் கேளுங்கள். பணம் எங்கிருந்து என்ற கேள்வியைச் சபைக்குழு பணியேற்பு நாளுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். ஆலயத்துக்குள் பயன்படும் அங்கி, மைக், பீடப் பலகை சபைச் செலவு. சட்டைகள் ஊழியச் செலவுப் படியில் வரலாம். முன்னிருந்த ஆயருக்குக் கவுன் வாங்கிக்கொடுத்த சபை, இவருக்கு "இருப்பதையே சுருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை.

ஈஸ்டருக்கு முன்னும், குருத்துவ அபிஷேகங்கள் நடக்கும் பருவத்திலும் தையல் ஆர்டர்கள் குவியும். அளவு கொடுத்த பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைத்தால் சுங்கவரியும் இன்னும் சில வாரங்களும் சேரும். அங்கி வந்ததும் செருப்போடு போட்டு, ஸ்டோலும் மைக்கும் மாட்டி, பீடப் படிகளில் ஏறி இறங்கி, முழங்காலிட்டு எழுந்து, இரண்டு கையையும் முழுதாக உயர்த்திப் பாருங்கள். ஓரம் மடிக்கவோ தோள் பிடிக்கவோ வேண்டியிருந்தால், அதற்கும் பணியேற்பு ஞாயிறுக்கு முன் ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும்.